தெருவை எண்ண வந்த நாள்

எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் கடையை அடைப்போம். கடலுக்குப் போனவர்களை யாராவது பிடித்துவைத்தால் அடைப்பு, வரியை ஏற்றினால் அடைப்பு, அதைக் குறைக்கச் சொல்லிப் போனவரை அதிகாரி உட்காரச் சொல்லாமல் அனுப்பினால் அதற்கும் ஓர் அடைப்பு. கல்லெறிய மாட்டோம், பஸ்ஸை மறிக்க மாட்டோம். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் படுப்போம். தூத்துக்குடி வியாபாரிக்குத் தெரிந்த போராட்டம் அதுதான். குறையாகச் சொல்லவில்லை. நானும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவள்தான்.

போன வருஷம் பழைய பஜாரை அழகுபடுத்தப் போகிறோம் என்று மாநகராட்சியில் ஒரு திட்டம் போட்டார்கள். கல் பதித்த நடைபாதை, அலங்கார விளக்கு, காற்று வாங்க பெஞ்சு. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தெருமுனையில் வைத்திருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை பலூனைப் பிடித்துக்கொண்டு நடந்து போனது. பின்னால் நாலு மாடியில் கார் நிறுத்தும் கட்டடம். எங்கள் தெருக் கடைகள் மட்டும் எங்கே தேடியும் இல்லை. அந்தப் பிள்ளை நடந்து போன இடம் என் கடை!

என் கடை என்றால் 'செல்வி ஃபேன்சி'. பட்டன், நூல், ஜிப், லைனிங் துணி, லேஸ். ஊரில் பாதித் தையல்காரர்களுக்கு இசக்கிசெல்வி என்ற என் பெயரே தெரியாது, பட்டன் கடை அக்கா என்றால்தான் தெரியும். அப்பா காலத்திலிருந்து மாநகராட்சிக்கு வாடகை கட்டி வருகிறோம். இதை இடித்துவிட்டால் வேறு தெருவில் முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்க எங்களால் ஆகாது. என் வீட்டுக்காரர் சிவபாலனுக்குத் துறைமுக எடைமேடையில் ஒப்பந்த வேலை. இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் காண்டிராக்டரின் மனசு. ஆக, கடை போனால் நாங்கள் தெருவில்தான். அந்தத் தெருவும் அவர்கள் கையில்.

சங்கத் தலைவர் அருமைநாயகம் அண்ணாச்சி மாவு மில் மாடியில் கூட்டம் போட்டார். தெருவின் கிழக்கு முனையில் மூன்று கதவு வைத்த கடை அவருடையது. படகுக்குக் கயிறு, பெயின்ட், நைலான் வலை எல்லாம் அங்கேதான். நல்ல மனிதர், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. வெள்ளம் வந்தபோது குடோனில் இருந்த தார்ப்பாய் முழுவதையும் தெருவுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தவர். பேசுவது குறைவு. பேசினால் மறுபேச்சு கிடையாது.

"செவ்வாக்கெழம அடைப்போம். காலைல இருந்து சாயந்திரம் ஆறு மணி வரைக்கும். ஒரு கட கூட தொறந்திருக்கப்பிடாது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, நாம அடைச்சா அவனுக்கு என்ன நட்டம்? வாரவ அடுத்த தெருவுல போயி வாங்கிட்டுப் போயிருவாளே" என்றேன்.

"ஏளா செல்வி, நீ நட்டக் கணக்கு பாக்க. நா ஒத்துமைய பாக்கேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. எதிர்க்கடை முத்துக்கனி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தட்டினாள். பிளாஸ்டிக் குடம், வாளி விற்கிறவள். எனக்கு எதிராக யார் என்ன சொன்னாலும் அவளுக்கு மனசு குளிரும்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடைப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று காலையிலேயே தெருவுக்குப் போனேன். ஈ காக்காய் இல்லை. மாவு மில் நிழலில் தொப்பி போட்ட ஒரு பெண், கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒற்றை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா நீ? இன்னைக்குக் கடையடைப்புலா. ஒண்ணும் கெடைக்காது."

"கடைக்கு வரல ஆன்ட்டி. சர்வே எடுக்கேன். என் பேரு பெனிஷா, நாசரேத்து. கார் பார்க்கிங் திட்டத்துக்காக இந்தத் தெருவுல எத்தன பேரு வாராங்க, எந்தெந்தக் கடைக்குப் போறாங்கன்னு எண்ணச் சொல்லியிருக்காங்க."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். சாயந்திரம் ஆறு மணி வரைக்கும்."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் தெருவை மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் போட்டிருந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கட்டம். திறந்த கடை என்றால் பச்சை, பூட்டிய கடை என்றால் சாம்பல். கிழக்கிலிருந்து மேற்குவரை மொத்தத் தெருவும் சாம்பலாகக் கிடந்தது. என் கடையும்தான். காலையிலிருந்து தெருவுக்குள் வந்தது ஒரு தண்ணீர் கேன் வண்டிக்காரர், வழி தவறிய ஒரு பெரியவர், அப்புறம் நான்.

"இப்படியே போனா என்னத்த எழுதுவ?"

"பாத்தத எழுதுவேன் ஆன்ட்டி. 'வணிகப் பயன்பாடு இல்லை'ன்னு ஒண்ணு இருக்கு, அத டிக் பண்ணணும். அப்புறம் அந்த இடத்த எடுத்துக்கலாம்னு மேல முடிவு பண்ணுவாங்க."

"அட பாவி மக்கா! நாங்க இந்தத் திட்டத்த எதுத்துத்தான் அடைச்சிருக்கோம். நாளைக்கு வந்து பாரு, நிக்க இடம் இருக்காது" என்றேன்.

அவளுக்கும் சங்கடமாகிவிட்டது. தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி பேசினாள். மறுமுனையில் அந்த ஆள் எதையோ தின்றுகொண்டே பதில் சொன்னான். நாளைக்கு அவளைத் திருச்செந்தூரில் போட்டாயிற்றாம். பூட்டியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று போட வேண்டுமாம். காரணம் எழுத அதில் இடம் கிடையாதாம். இந்தத் தேதியை வார்டு ஆபீஸ் போர்டில் எப்போதோ ஒட்டிவிட்டார்களாம். வார்டு ஆபீஸ் போர்டை எவன் பார்க்கிறான்?

"இல்லாதத இருக்குன்னு என்னால எழுத முடியாது ஆன்ட்டி" என்றாள் பெனிஷா, போனை வைத்துவிட்டு. "ஆனா ஆறு மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடியதை அந்த வெறிச்சோடிய தெரு மட்டும்தான் பார்த்தது. கிழக்கு முனையில் அருமைநாயகம் அண்ணாச்சி பூட்டிய கடைக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரருடன் நின்றார். வந்தவர் காலித் தெருவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தியாளா, நூத்துக்கு நூறு!" என்று அண்ணாச்சி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அடைப்பு எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு எங்கள் கதை முடிகிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சொன்னேன். பத்திரிகைக்காரர் போகட்டும் என்று காத்திருந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தப் பெண்ணை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு?"

"கடையத் தொறக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. உங்க ஒரு வார்த்த போதும். எல்லாரும் வந்துருவாவ."

"காலைல அடைன்னு சொன்ன வாயால மத்தியானம் தொறன்னு சொல்லணும், அப்படித்தானே?" அவர் குரல் உயரவில்லை. "செல்வி, நம்மகிட்ட பணம் இருக்கா? கோர்ட்டுக்குப் போனா நிக்க ஆள் இருக்கா? நா அடைன்னா எல்லாரும் அடைப்பான். அந்த ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. அத நானே ஒடைச்சா நாளப்பின்ன எவன் அடைப்பான்?"

"நாளப்பின்ன அடைக்கதுக்குக் கடை இருக்கணும்லா!"

"ஆறு மணிக்குத் தொறப்போம். அந்தப் பிள்ள எண்ணுததை எண்ணிட்டுப் போட்டும். நாம மேயர்கிட்ட பேசுவோம்."

இவரோடு மல்லுக்கட்ட முடியாது. திரும்பி நடந்தபடியே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். பேக்கரி கிளைட்டன், "அண்ணாச்சி சொல்லட்டும் அக்கா" என்றான். முத்துக்கனி, "நீ மொதல்ல தொற. பொறவு நா பாக்கேன்" என்றாள். அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி இதையேதான் சொன்னார்கள். நீ முதலில் திற.

முதலில் திறப்பது என்றால் என்னவென்று எங்கள் தெருவுக்குத் தெரியும். ஒரு தடவை அடைப்பன்று சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மதியத்துக்குமேல் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குப் பெயரே போய்விட்டது. 'அடைப்புல தொறந்தவன்', அவ்வளவுதான். மகள் கல்யாணத்துக்குப் பந்தி போட்டுவிட்டுக் காத்திருந்தார், தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. கடைசியில் கடையை விட்டுவிட்டுச் சாத்தான்குளம் பக்கம் போய்விட்டார்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். லாரி சத்தத்துக்கு நடுவில் நான் சொன்னது அவருக்கு அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். "ஏளா, சங்கத்த எதுத்துக்கிடாத. நமக்கு யாரு இருக்கா? பேசாம வீட்டுக்குப் போ" என்றார். பயந்த சுபாவம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைக்கு முன்னால் வந்து நின்றேன். சாவியைப் போடுகிறேன், துவாரத்தில் ஏறமாட்டேன் என்கிறது. எல்லா மாடி ஜன்னலிலிருந்தும் என் முதுகைப் பார்க்கிற மாதிரி இருந்தது. 'இசக்கியம்மா, நீதான் பாத்துக்கிடணும்' என்று சொல்லிக்கொண்டு ஷட்டரைத் தூக்கினேன். மற்ற நாட்களில் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அன்றைக்குத் தெரு முழுவதும் கேட்டது. மாவு மில் நிழலில் பெனிஷா குனிந்து டேப்லெட்டைத் தொட்டாள். ஒரு கட்டம் பச்சையாகியிருக்கும்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கடையடைப்பு என்று ஊருக்கெல்லாம் தெரியும். திறந்த கடை ஒன்று, வாடிக்கை பூஜ்யம். இதற்கா இந்தப் பாவத்தைச் செய்தோம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதலில் வந்தது வாடிக்கை இல்லை, சண்டை. மாடியிலிருந்து, சந்திலிருந்து, பின்தெருவிலிருந்து திபுதிபுவென்று இறங்கி வந்தார்கள். முன்வரிசையில் முத்துக்கனி. "கருங்காலி! எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டு நீ மட்டும் யாவாரம் பாக்கியோ?" என்று கத்தினாள். என்னால் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? "உங்க கடையயும் சேத்துக் காப்பாத்தத்தான் தொறந்திருக்கேன், கூறுகெட்டவளே! அன்னா உக்காந்திருக்கா பாரு, அவகிட்ட போயிக் கேளு!" என்று நானும் கத்தினேன். கேட்க யாருக்குப் பொறுமை? சத்தம் கூடக் கூட ஆட்களும் கூடினார்கள். கூட்டத்தின் தலைக்கு மேலாக, "இவங்களையும் எண்ணுதியாம்மா?" என்று பெனிஷாவைக் கேட்டேன்.

"எண்ணுதேன் ஆன்ட்டி. ஆனா சண்டைக்கு வந்தவங்க 'மற்றவை'ல போவாங்க. வாங்குனாத்தான் வாடிக்கை."

அப்போதுதான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பின்தெரு தையல்காரி பேச்சிச்செல்வி வந்தாள். அவளுக்கு அடைப்பும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "யக்கா, தொறந்துட்டியா? நல்லதாப் போச்சு. காலைல இருந்து ஊக்கு இல்லாம நாலு ஜாக்கெட்டு அப்படியே கெடக்கு. கல்யாண வீட்டுக்காரி என்னயக் கொன்னுபோடுவா" என்று கையை நீட்டினாள். ஊக்கு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவளைப் பார்த்து இன்னொருத்தி, பள்ளிக்கூட ரிப்பன் இருக்கிறதா என்றாள். சண்டை பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ ஒன்று இல்லாமல்தான் இருந்திருக்கிறது. திட்டிக்கொண்டே வந்த ஒருத்தி, "கருப்பு நூலு எவ்வளவு?" என்று கேட்டு வாங்கிவிட்டு, திரும்பவும் திட்டினாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், முத்துக்கனியின் பூட்டிய கடையைக் காட்டி, "இவுக எப்பம் தொறப்பாக? ஒரு கொடம் எடுக்கணும்" என்றாள். முத்துக்கனியின் வாய் பாதியில் நின்றது. என் கல்லாவைப் பார்த்தாள், குடம் கேட்டவளைப் பார்த்தாள், கிழக்கே அண்ணாச்சி நிற்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய் ஷட்டரை இடுப்புவரை தூக்கினாள். நான் கெஞ்சியபோது அசையாதவள், எனக்கு நாலு வாடிக்கை வந்ததைப் பொறுக்காமல் திறந்துவிட்டாள்! அவளைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்துக் கிளைட்டன். சாயங்காலம் காபிக்கு ஆள் வருகிற நேரத்தில் பேக்கரியில் மக்ரூன் வாங்க வரிசை நின்றது. தெரு மறுபடியும் தெருவாகிவிட்டது. பெனிஷாவின் விரல் நிற்கவே இல்லை.

அருமைநாயகம் அண்ணாச்சி மட்டும் திறக்கவில்லை. பூட்டிய மூன்று கதவுகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்திருந்தார். கடையைப் போட்டது போட்டபடி அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கதவ மட்டும் தூக்குங்க. உங்க கட்டம் மட்டுந்தான் சாம்பலா கெடக்கு. இன்னும் நேரம் இருக்கு. உங்க கால்ல வேணா விழுதேன்."

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நா ஆறு மணின்னு சொன்னவன்" என்றார்.

நானே அந்தச் சாவியைப் பிடுங்கித் திறந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவரிடம் போய் எப்படி? கடைக்குத் திரும்பி வந்து கடிகாரத்தையும் அவர் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு பெனிஷா ஸ்டூலை மாவு மில்லில் ஒப்படைத்துவிட்டு, எனக்குத் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினாள். அதற்குப் பிறகுதான் கிழக்கு முனையில் மூன்று ஷட்டரும் ஒவ்வொன்றாக ஏறுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி விளக்கைப் போட்டு ஊதுபத்தி கொளுத்தினார்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை. தெருவில் முன்னைப்போல யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடைப்பன்று மற்றவர்களும்தான் திறந்தார்கள், ஆனால் முதலில் திறந்தவள் நான்தானே? யாராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபைலோடு வந்தால் போதும், எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். மழைக்காலம் வந்து போனது. பொங்கல் கழிந்து ஒரு நாள் தெருமுனையில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படம் வைத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருக் கடைகள் இருந்தன! முத்துக்கனி கடை இருந்தது, பேக்கரி இருந்தது, 'செல்வி ஃபேன்சி' இருக்கிற கட்டமும் இருந்தது. நான் சத்தம் போட்டே அழுதுவிட்டேன். முத்துக்கனி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாலு மாடிக் கார் நிறுத்தம் இரண்டு மாடியாகச் சுருங்கியிருந்தது. அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் பார்த்தேன். கிழக்கு முனையில். 'பயன்பாடு இல்லாத பகுதி' என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மூன்று கதவு அகலம்.

அன்று சாயங்காலம் கூப்பிடாமலே எல்லோரும் மாவு மில் மாடியில் கூடினோம். அண்ணாச்சி எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் இந்த இடத்தில் அவர்தான் வாயைத் திறப்பார், நாள் குறிப்பார். அவர் திறக்கவில்லை.

பொறுக்க முடியாமல் நான் எழுந்தேன். "அண்ணாச்சி கடைய இடிக்க விடப்பிடாது. ஒரு நா அடைப்போம். என்ன சொல்லுதிய?"

கிளைட்டன் தரையைப் பார்த்தான். முத்துக்கனி சேலை நுனியை முறுக்கிக்கொண்டே, "அடைச்சா, அன்னைக்கும் எவளாவது எண்ண வந்துட்டான்னா?" என்றாள். நிறையத் தலைகள் மெதுவாக ஆடின. ஒருவன் மழை வரும் போலிருக்கிறது என்றான். தை மாதத்தில்!

"யாரு அடைச்சாலும் அடைக்காட்டாலும் நா அடைப்பேன் அண்ணாச்சி. நாளைக்கே அடைக்கேன்" என்றேன். சத்தியமாக, மனசறிந்துதான் சொன்னேன்.

அருமைநாயகம் அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஒருத்தி அடைச்சா அதுக்குப் பேரு அடைப்பு இல்லளா, செல்வி" என்றார். "லீவு."